அகன்ற ரயரும் உராய்வு விதியும்

உராய்வு பற்றிய பாடத்தைப் பௌதிக வகுப்பிற் படித்த எந்த மாணவனும் ஒரு விதியை எளிதில் மறப்பதில்லை. ஒன்றையொன்று தொட்டு நிற்கும் இரு பொருள்கள் வழுக்கத் தொடங்குமுன் எழும் எல்லை உராய்வு விசை, அவற்றை ஒன்றோடொன்று அழுத்தும் செவ்வன் மறுதாக்கத்துக்கு விகிதசமமானது. தொடுபரப்பின் அளவைப் பொறுத்ததன்று. ஒரு செங்கல்லை அகன்ற முகம் கீழே இருக்கும்படி மேசைமேல் வைத்து இழுத்தாலும், ஒடுங்கிய முகம் கீழே இருக்கும்படி வைத்து இழுத்தாலும், வேண்டிய விசை ஒன்றே. பிரான்சு தேசத்தவரான கியோம் அமொந்தொன் 1699 ஆம் ஆண்டிற் பாரிசு விஞ்ஞானக் கழகத்தின் முன் இவ்விதியை எடுத்துரைத்தார். அவருக்குப் பின் வந்த கூலோம் என்பார் 1785 இல் விரிவான பரிசோதனைகளால் அதனை நிலைநாட்டினார்.

இவ்விதியைக் கற்ற மாணவன் அன்று மாலையே மோட்டார்ப் பந்தயக் காட்சி ஒன்றைக் காண்பானாயின் அவன் மனத்தில் ஓர் ஐயம் எழல் வேண்டும். போர்முலா ஒன்று எனப்படும் பந்தயக் கார்களின் ரயர்கள் உரல்களைப்போல் அகன்றிருக்கின்றன. 2016 ஆம் ஆண்டுவரை அவற்றின் முன் ரயர் 245 மி.மீ., பின் ரயர் 325 மி.மீ. அகலமுடையன. 2017 இல் அவை முறையே 305, 405 மி.மீ. ஆக விரிக்கப்பட்டன. வளைவுகளிற் காரின் வேகத்தை மிகுவிப்பதே அம்மாற்றத்தின் நோக்கம். பரப்பு உராய்வைப் பாதியாது என்பது உண்மையாயின், இவ்வளவு பொருளைச் செலவிட்டு ரயரை அகலமாக்குவானேன்? பாடநூல் பொய்யா, பந்தயக்காரர் பேதையரா?

தமிழாசிரியர்க்கு ரயர்க் கடையில் என்ன வேலை என்று நம் நண்பர்கள் நகைக்கக்கூடும். இச்சிக்கலின் பாதி சொல்லிலேயே உள்ளது என்பது நமது எண்ணம். உராய்தல் என்பது ஒன்றன்மேல் ஒன்று தேய்ந்து செல்லுதல். பிடித்தல் என்பது விரல்கள் வளைந்து பொருளின் மேடுபள்ளங்களிற் பொருந்திப் பற்றிக்கொள்ளுதல். ரயர் தெருவை உராய்வதனாற் கார் நிற்பதில்லை. பெரும்பாலும் பிடிப்பதனாலேயே நிற்கின்றது. இவ்விரு சொற்களையும் ஒன்றெனக் கொண்டமையாலேயே மாணவன் மயங்குகின்றான்.

இவ்வினா இன்று வகுப்பறைக்கு மாத்திரம் உரியதன்று. நம் பழைய மாணவருட் பலர் கடல்கடந்து வாழ்கின்றனர். அவர் வாழும் நாடுகளில் ‘தடநாள்’ என நாம் தமிழிற் கூறக்கூடிய ஒரு வழக்கம் பரவியுள்ளது. பந்தயம் நடைபெறாத நாள்களிற் பந்தயத் தடத்தைக் கட்டணத்துக்குத் திறந்துவிடுவர். எவரும் தம் சொந்தக் காரைக் கொண்டுவந்து ஓட்டலாம். பிரித்தானியாவிற் சில்வர்ஸ்ரோன், காசில் கூம் ஆகிய தடங்கள் இரண்டாம் உலகப் போர்க்கால விமானத் தளங்களிலிருந்து தோன்றியவை. இவற்றிலும் பிறவற்றிலும் இத்தகைய நாள்கள் நடைபெறுகின்றன. இது பந்தயமன்று. முந்திச் செல்வதற்கு விதிகள் உண்டு. சுற்றுக்கு எத்தனை நிமிடம் எனக் கணக்கெடுப்பதும் அங்குப் பொதுவாகத் தடுக்கப்பட்டுள்ளது, நேரத்தை அளந்தால் அது போட்டியாகிவிடும் என்பதால். இந்நாள்களுக்கு வருவோர் முதலிரண்டு முறை வந்தவுடனேயே கேட்கும் கேள்வி, “இதைவிட அகலமான போட்டி ரயர்களைப் பூட்டிப் பார்த்தால் என்ன?” என்பதே.

மெய்யான ஒரு காரை எடுத்துக்கொண்டு கணக்கிடுவோம். யப்பானின் மஸ்டா கொம்பனி 1989 இல் வெளியிட்ட எம்.எக்ஸ்-5 என்னும் இருவர் அமரும் சிறு கார் தடநாள்களில் மிகுதியாகக் காணப்படுவது. அதற்குத் தொழிற்சாலை பூட்டிய ரயரின் அளவு 185/60 ஆர் 14. இக்குறிப்பைப் படிக்கத் தெரியாதவர் பலர். 185 என்பது ரயரின் அகலம் மில்லிமீற்றரில். 60 என்பது அவ்வகலத்தில் நூற்றுக்கு 60 பங்கு பக்கச்சுவரின் உயரம் என்பது. அதாவது 111 மி.மீ. ஆர் என்பது உள்ளிழைகள் ஆரைவாக்கிற் செல்லும் அமைப்பைக் குறிக்கும். 14 என்பது றிம்மின் விட்டம் அங்குலத்தில்; அது 355.6 மி.மீ. இரண்டு பக்கச்சுவர்களையும் கூட்டினால் ரயரின் முழு விட்டம் 577.6 மி.மீ.

இதற்கு மாற்றாகத் தடநாளினர் பெரிதும் பூட்டுவது 205/50 ஆர் 15. இன்னும் அகலம் வேண்டுவோர் 225/45 ஆர் 15 என்பதைத் தெரிந்து, 9 அங்குல அகலமுள்ள றிம்மிற் பூட்டுவர். மேற்கூறிய முறைப்படி கணக்கிட்டால் முன்னையதன் விட்டம் 586 மி.மீ.; பின்னையதன் விட்டம் 583.5 மி.மீ. பழைய விட்டத்திலிருந்து வேறுபாடு முறையே நூற்றுக்கு ஒன்றரையும் ஒன்றும். விட்டம் ஏறத்தாழ மாறாதிருப்பதனால் வேகமானியும் பற்சக்கர விகிதங்களும் பெரிதும் பிழைபடுவதில்லை. அகலம் கூடும்போது பக்கச்சுவர் குறைவது இதற்காகவே. இக்கணக்கை எட்டாம் வகுப்பு மாணவனும் செய்யலாம். ஆயினும் அதைச் செய்யாமலே ரயர் வாங்கி, அது மட்காட்டில் உரசுவதைக் கண்டு திகைப்போர் உளர்.

இனித் தொடுபரப்பைக் காண்போம். ஒரு சில்லின்மேல் 240 கிலோகிராம் நிறை அமர்வதாகக் கொள்வோம். இக்காரின் ரயருக்கு விதித்த அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 26 இறாத்தல். அதாவது சதுர சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 1.83 கிலோகிராம். காற்றே பாரத்தைத் தாங்குவதாகக் கொண்டால், 240 ஐ 1.83 ஆற் பிரிக்க வருவது 131 சதுர சென்ரிமீற்றர். ஏறத்தாழ ஒரு தபாலட்டையின் பரப்பு. ரயரின் பக்கச்சுவரும் சிறிது பாரத்தைத் தாங்குமாதலால் விடை துல்லியமானதன்று. ஆயினும் உண்மைக்கு அண்மையானதே. நான்கு தபாலட்டைகளின்மேல் ஒரு கார் மணிக்கு 150 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகின்றது என்பதை எண்ணிப் பார்க்க.

இக்கணக்கில் ரயரின் அகலம் எங்கே வந்தது? எங்கும் வரவில்லை. பாரமும் அமுக்கமும் மாறாதாயின் 185 ஆயினும் 225 ஆயினும் தொடுபரப்பு ஏறத்தாழ ஒன்றே. மாறுவது அதன் வடிவம். ஒடுங்கிய ரயரின் அடிச்சுவடு முன்பின்னாக நீண்டிருக்கும். அகன்ற ரயரின் அடிச்சுவடு குறுகிய நீளமும் மிகுந்த அகலமும் உடையதாயிருக்கும். ஆகவே வினா முன்னிலும் கடினமாயிற்று. பரப்பு உராய்வைப் பாதியாது என்கின்றது பாடநூல். அப்பரப்புத்தானும் கூடவில்லை என்கின்றது நமது கணக்கு. எனினும் அகன்ற ரயர் பூட்டிய கார் வளைவில் விரைந்து செல்கின்றது.

அமொந்தொன் விதி ஏன் செங்கல்லுக்குப் பொருந்துகின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும். கேம்பிரிட்சில் ஆய்ந்த பவுடன், ரேபர் ஆகிய இருவரும் 1950 இல் வெளியிட்ட நூலில் இதனைத் தெளிவாக்கினர். கண்ணுக்கு மட்டமாகத் தோன்றும் கடின முகப்புகளும் உண்மையில் மலைத்தொடர்கள் போன்றவை. சிகரங்களே ஒன்றையொன்று தொடுகின்றன. பாரம் இரட்டித்தால் அச்சிகரங்கள் நசுங்கி, உண்மையான தொடுகையும் இரட்டிக்கின்றது. நாம் காணும் பரப்பு எத்துணைப் பெரிதாயினும் உண்மைத் தொடுகை பாரத்தையே பின்பற்றும். அதனால் விதி பலிக்கின்றது.

இறப்பர் அத்தகைய பொருளன்று. அது நசுங்கி அழிவதில்லை. நெகிழ்ந்து தெருக்கற்களைத் தழுவிக்கொள்கின்றது. பாரம் சிறிதாயிருக்கும்போதே பெரும்பகுதி தழுவியாயிற்று. பாரம் இரட்டித்தால் தொடுகை இரட்டிக்காது, சிறிதே கூடும். எனவே பாரம் ஏற ஏற ஒவ்வொரு கிலோகிராமுக்கும் கிடைக்கும் பிடிப்புக் குறைந்துகொண்டே செல்லும். இஃதொன்றை விளங்கிக்கொண்டாற் பந்தய ரயரின் இரகசியத்திற் பாதி விளங்கிவிடும்.

கார் வளைவிற் செல்லும்போது நிறை உட்சில்லிலிருந்து வெளிச்சில்லுக்குப் பெயர்கின்றது. கணக்குக்காக இவ்வாறு கொள்க: ஒவ்வொன்றும் 300 கிலோகிராம் தாங்கும் இரு சில்லுகள் தனித்தனி 300 பங்கு பிடிப்புத் தருகின்றன, மொத்தம் 600. வளைவில் ஒன்று 450, மற்றது 150 தாங்குகின்றன. மொத்த நிறை மாறவில்லை. ஆனால் 450 தாங்குவது 420 பங்கே தருகின்றது. 150 தாங்குவது 160 தருகின்றது. மொத்தம் 580. இருபது பங்கு காணாமற் போயிற்று. தேர்வடத்தைப் பற்றியவருள் ஒருபக்கத்தார் கைதளர, மறுபக்கத்தார் தம் வலிமைக்கு மீறி இழுத்து இளைப்பதை ஒக்கும் இது. அகன்ற ரயர் வெளிச்சில்லின் மிகைப்பாரத்தை அகலமெங்கும் பரப்பி ஏற்பதால் இவ்விழப்புக் குறைகின்றது. அன்றியும், குறுகிய நீளமுள்ள சுவட்டில் இறப்பர் தரையைத் தொட்டது முதல் விடுவது வரை பக்கமாக இழுபடும் தூரம் குறைவு. ஆதலால் ஸ்ரியறிங்கைத் திருப்பியவுடன் கார் தாமதமின்றித் திரும்புகின்றது. ஓட்டுவோர் முதலில் உணர்வது இதனையே.

மற்றப் பாதி இறப்பரின் குணத்தில் உள்ளது. துள்ளும் பந்து ஒன்றையும் துள்ளாத பந்து ஒன்றையும் ஒரே உயரத்திலிருந்து விழவிடுக. துள்ளும் பந்து தான் பெற்ற சக்தியைத் திருப்பிக் கொடுத்துவிடுகின்றது. துள்ளாதது அதனை உள்ளே வெப்பமாக விழுங்கிவிடுகின்றது. தெருக்கல்லின்மேல் வழுக்க முயலும் இறப்பரும் அவ்வாறே: நசுங்கியபின் உடனே மீண்டு எழாது சோம்பிக் கிடக்கும் இறப்பரே கல்லை நன்கு பற்றுகின்றது. நம் நாட்டுக்கு 1876 இல் எனரத்கொடைத் தாவரத் தோட்டத்தில் வந்திறங்கிய மரத்தின் பால் நன்கு துள்ளும் இனம். வெப்பம் குறைவாகப் பிறப்பதால் லொறிக்கும் விமானத்துக்கும் அது சிறந்தது. பந்தய ரயரிலோ சோம்பலான செயற்கை இறப்பரே பெரும்பங்கு. சோம்பலுக்கும் பயனுண்டு என்பதற்கு இதனினும் நல்ல சான்றை யாம் அறியோம். ஆயினும் இதனை மாணவர் தமக்கு ஆதரவாக எடுத்தாளற்க.

சோம்பலான மெல்லிறப்பர் விரைவிற் சூடேறும். போட்டி ரயர்கள் பொதுவாக 70 முதல் 100 சதமபாகை வரையான வெப்பநிலையில் நன்கு பிடிப்பன. அதற்குக் கீழே கடினமாயும், மேலே எண்ணெய் பூசியதுபோல் வழுவழுப்பாயும் ஆகிவிடும். ஒடுங்கிய ரயரில் மெல்லிறப்பரை இட்டால் இரண்டு மூன்று சுற்றிலேயே அளவுக்கு மிஞ்சிக் கொதிக்கும். அகன்ற ரயரில் அதே வேலையை மிகுந்த இறப்பர் பகிர்ந்துகொள்ளும்; ஆறுவதற்கும் இடமுண்டு. ஆகவே அகலம் தானே பிடிப்பைத் தருகின்றது என்பதிலும், மெல்லிய இறப்பரைப் பயன்படுத்த அகலம் இடந்தருகின்றது என்பதே பொருத்தம். இதனாலேயே எமது தீர்ப்பு வருமாறு: புதிதாகத் தடநாளுக்குச் செல்பவர் முதலிற் பழைய அகலத்திலேயே நல்ல இறப்பருள்ள ரயரை வாங்குக, அது கொதித்துத் தளர்வதைக் கண்ட பின்னரே அகலத்தை நாடுக. நூறு குதிரைவலுவைச் சற்றே கடந்த காருக்கு அளவுக்கு மிஞ்சிய அகலத்தைப் பூட்டினால் ரயர் சூடேறவே மாட்டாது. நிறையும் காற்றுத்தடையும் மாத்திரம் மிஞ்சும்.

காற்றுத்தடை சிறிய விடயமன்று. 1976 இல் ரிறெல் என்னும் குழுவினர் முன்புறத்தில் நான்கு சிறு சில்லுகளும் பின்புறத்தில் இரண்டுமாக ஆறு சில்லுக் காரொன்றைப் பந்தயத்தில் இறக்கியது இதனைக் குறைக்கும் முயற்சியே. அவ்வாண்டு சுவீடனில் அது முதலிடமும் இரண்டாமிடமும் பெற்றது. மேலே கூறிய போர்முலா ஒன்று ரயர்களும் 2026 ஆம் ஆண்டு விதிகளின்படி முன்னே 25, பின்னே 30 மில்லிமீற்றர் ஒடுங்கின.

பரிசோதனை எவ்வாறு செய்வது? நேரமளக்கத் தடையாயின் எதைக் கொண்டு ஒப்பிடுவது என்று வினவலாம். அமுக்கமானியும் வெப்பமானியும் போதும். 20 பாகை வெப்பநிலையுள்ள காலையில் 26 இறாத்தல் காற்றடித்துத் தடத்திற் சென்றால், ரயரினுட் காற்று 80 பாகையை அடையும்போது அமுக்கம் என்னவாகும்? வளிமண்டலத்தின் 14.7 ஐக் கூட்டுக: 40.7. தனி வெப்பநிலை 293 இலிருந்து 353 ஆகின்றது. கனவளவு மாறாதெனக் கொண்டு பெருக்கிப் பிரித்தால் 49.0, வளிமண்டலத்தைக் கழித்தால் 34.3. எட்டு இறாத்தல் கூடிவிட்டது! சாளிசு, கேலுசாக் விதிகளைப் பரீட்சைக்கு மாத்திரம் மனனஞ்செய்தவர் இங்கே இடறுவர். சூடான நிலையில் வேண்டிய அமுக்கம் எதுவோ அதனைத் தடத்திலிருந்து வந்தவுடன் அளந்து, மிகையை வெளியேற்றுதல் வேண்டும். வீடு திரும்புமுன் மீண்டும் அடித்தல் வேண்டும்.

வெப்பமானியைத் தரையைத் தொடும் மேற்பட்டையின் உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு ஆகிய மூன்றிடத்தும் வைத்துப் பார்க்க. நடுப்பகுதி மிகச் சூடாயின் காற்று மிகை. இரு விளிம்பும் சூடாயின் காற்றுப் போதாது. வெளிவிளிம்பு மாத்திரம் கொதித்தால், சில்லின் மேற்பக்கம் போதிய அளவு உட்புறம் சாயவில்லை என்பது கருத்து. அகன்ற ரயருக்கு இச்சாய்வு மிக இன்றியமையாதது. வளைவிற் கார் உருளும்போது சில்லும் சாய்ந்து, அவ்வளவு பணங்கொடுத்து வாங்கிய அகலத்தில் உட்பாதி தரையைத் தொடாமலே நின்றுவிடும். ஒருநாளில் ஒன்றை மாத்திரம் மாற்றுக. ரயர், சுருள்வில், சாய்வு மூன்றையும் ஒருங்கே மாற்றியவன் கார் நன்றாக ஓடினாலும் காரணம் அறியான்.

பிடிப்புக் கூடியபின் அப்பிடிப்பைத் தாங்க வேண்டிய பிற உறுப்புகளை மறத்தலாகாது. பெயாரிங்குகளும் ஸ்ரியறிங் மூட்டுகளும் பழைய ரயரின் விசைக்கென ஆக்கப்பட்டவை. றிம் வெளிப்புறம் தள்ளி நின்றால் அவற்றின்மேல் நெம்பு இன்னும் மிகும். நீண்ட வளைவில் இயந்திரத்தின் எண்ணெய் ஒருபுறம் ஒதுங்கி, உறிஞ்சு குழாய் காற்றை உறிஞ்சக்கூடும்; சில விநாடி எண்ணெயின்மை இயந்திரத்தையே அழிக்கும். பிறேக் இன்னும் கவனத்துக்குரியது. நான்காந் தரப் பிறேக் திரவம் புதிதாயிருக்கும்போது 230 பாகைக்குக் குறையாமற் கொதிக்கும்; காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிப் பழையதானபின் அதன் எல்லை 155 பாகை. கொதித்த திரவத்தில் ஆவிக்குமிழி தோன்றும். மிதித்த பெடல் தரையைத் தொடும், கார் நில்லாது. ரயருக்குச் செலவிடுமுன் புதுத்திரவத்துக்குச் செலவிடுவோரையே நாம் அறிவுடையோர் என்போம்.

இறுதியாக ஒரு கணக்கு. 60 மீற்றர் ஆரையுள்ள சமதள வளைவில், பிடிப்புக் குணகம் 1.0 ஆயின் எல்லை வேகம் செக்கனுக்கு 24.3 மீற்றர், மணிக்கு 87 கிலோமீற்றர். போட்டி ரயரால் அக்குணகம் 1.2 ஆகின்றதெனக் கொண்டால் எல்லை வேகம் மணிக்கு ஏறத்தாழ 96 கிலோமீற்றர். ஆதாயம் 9 கிலோமீற்றர், மகிழ்ச்சிதான். ஆனால் பிடி நழுவுமிடத்துக் காரின் இயக்கசக்தி நூற்றுக்கு 20 பங்கு கூடியிருக்கும். தடத்தின் ஓரத்துச் சுவரோ இருந்த இடத்திலேயே இருக்கும். அதன்மேலும், தெரு ரயர் எல்லையை அணுகும்போது கிறீச்சிட்டு எச்சரிக்கும். போட்டி ரயர்கள் பெரும்பாலும் அமைதியாகப் பிடித்துச் சட்டென விடுவன. ஒடுங்கிய ரயரில் நூறு சுற்று ஓடிக் கைப்பழக்கம் பெற்றவனுக்கே அகன்ற ரயர் உதவியாகும் என நாம் கருதுவதற்கு இதுவே காரணம்.

புதிய போட்டி ரயரை முதல்முறை மெல்லச் சூடேற்றி, பின் ஒருநாள் ஆறவிட்டாற் பலகாலம் உழைக்கும் என்பது அனுபவமுடையோர் வழக்கம். ஒவ்வொரு முறை சூடேறி ஆறும்போதும் இறப்பர் சிறிது இறுகுவதால், பட்டை தேயாதிருந்தும் பிடிப்புப் போய்விடும். எத்தனை முறை ஓடியது என்பதைக் கொப்பியொன்றிற் குறித்துவைத்தல் நன்று. பிரித்தானியச் சட்டத்தின்படி தெருவில் ஓடும் காரின் ரயரில் 1.6 மி.மீ. ஆழமுள்ள வாய்க்கால்கள் இருத்தல் வேண்டும். தடத்திற்கென்றே ஆக்கிய வழுக்கை ரயர் தெருவுக்கு உரியதன்று. வாய்க்கால் குறைந்த அகன்ற போட்டி ரயரோ, சட்டம் இடங்கொடுப்பினும், மழைநீரின்மேல் எளிதில் மிதந்துவிடும். இங்கிலாந்தின் வானம் மாலைவரை பொறுக்குமென்று எவரும் உறுதி கூறார். ஆதலால் தடநாளினருட் பலர் போட்டி ரயர்களைப் பிறிதொரு சோடி றிம்களிற் பூட்டிக் கொண்டுசெல்வர். மாலையானதும் ஜாக்கை வைத்துப் பழைய 185 சில்லுகளையே மீண்டும் பூட்டி, நட்டுகளை முறுக்கிப் பார்த்து, வீடு திரும்புவர்.